பப்ஸ், பற்றிஸ், கறிபாப், பேஸ்டி: வெயிலும் கொழுப்பும் அடுக்கும்

மாடிவீட்டு_அடுப்பு (மதுரை)

வணக்கம். இரண்டு கேள்விகள்.

சித்திரை வெயிலில் வெண்ணெய் வைத்து பப்ஸ் மாவு மடித்தால் அடுக்கு பிரிவதில்லை, பிஸ்கட் மாதிரி கெட்டியாகத் தங்கிவிடுகிறது. அதே ஊர், அதே வெயில், பேக்கரியில் மட்டும் இரண்டு விரல் உயரம் எழும்புகிறதே, அது எப்படி?

மலேசியாவிலும் வெயில் குறைவில்லை, புழுக்கம் வேறு. ஆனால் சுருள் சுருளாக வரி தெரியும் கறிபாப் என்ற பொரித்த மசாலாப் பண்டத்தை அங்கே சாதாரண வீட்டு அடுப்படியிலேயே செய்துவிடுகிறார்கள். அதன் நுட்பம் என்ன? இரண்டையும் அளவோடு சொல்லுங்கள். மற்ற நாடுகளில் இந்தப் பண்டம் எப்படி மாறுகிறது என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

அளவுகோல்

முதல் கேள்விக்கு விடை கொழுப்பு உருகும் சூட்டில் இருக்கிறது.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். 20 டிகிரியைத் தாண்டினாலே குழைய ஆரம்பிக்கும். மடிப்புக்கு அது விரலால் வளைத்தால் ஒடியாமலும் ஒட்டாமலும் வளைய வேண்டும். அந்தப் பதம் 14 முதல் 16 டிகிரியில்தான் கிடைக்கும். சித்திரையில் மதுரை அடுப்படி 35 டிகிரி. மேடையில் மாவை விரித்த ஐந்தாவது நிமிடம் வெண்ணெய் மாவுக்குள் இறங்கிவிடும். இறங்கிய பிறகு எத்தனை முறை மடித்தாலும் அது நெய் விட்டுப் பிசைந்த மாவுதான். மொறுமொறுப்பு வரும், அடுக்கு வராது.

அடுக்கு எழும்பக் காரணம் நீராவி. மாவில் உள்ள தண்ணீரும் வெண்ணெயில் உள்ள 16 சதவீதத் தண்ணீரும் அடுப்பில் ஆவியாகி ஒவ்வொரு மாவுத் தாளையும் மேலே தள்ளும். நடுவில் கொழுப்பு இருப்பதால் தாள்கள் ஒட்டிக்கொள்ளாது. பப்ஸில் ஈஸ்ட்டும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை.

பேக்கரியில் போடுவது பப்ஸ் மார்ஜரின். அது 40 டிகிரிக்கு மேல்தான் உருகும்படி செய்யப்பட்டது, அதனால் வெயிலிலும் களிமண் போலத் தகடாக விரியும். முன்பு இதை வனஸ்பதி வகையில் ஹைட்ரஜனேற்றம் செய்து தயாரித்தார்கள், அதில் உண்டாகும் கெடுதலான கொழுப்புதான் டிரான்ஸ் கொழுப்பு. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாங்கும்போது பெட்டியில் அந்த அளவைப் படித்துப் பாருங்கள்.

மார்ஜரினுக்கு ஒரு குறை உண்டு. நம் உடம்புச் சூடு 37 டிகிரி. அதற்கு மேல் உருகும் கொழுப்பு வாயில் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். வெண்ணெய் பப்ஸை ஒருமுறை சாப்பிட்டவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். ருசி என்று பார்த்தால் வெண்ணெய்தான். வெயிலைச் சமாளிக்க மார்ஜரின்.

18 முதல் 20 பப்ஸுக்கு அளவு: மைதா 500 கிராம், உப்பு 10 கிராம், எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 260 மில்லி, மாவோடு பிசைய உருக்கி ஆறிய வெண்ணெய் 40 கிராம். மடிக்க வெண்ணெயோ மார்ஜரினோ 300 கிராம்.

மாவை அதிகம் அடித்துப் பிசையாதீர்கள். ஒன்றுசேர்ந்தால் போதும், மடிக்கும்போதே இழுவை வந்துவிடும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். மடிக்கும் கொழுப்பை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து 18 சென்டிமீட்டர் சதுரமாகத் தட்டிக்கொள்ளுங்கள். மாவை 26 சென்டிமீட்டர் சதுரமாகத் தேய்த்து, அதன் மேல் கொழுப்பைக் குறுக்காக வைத்து, நாலு மூலையையும் கடித உறை போல மடித்து ஒட்டுங்கள். 20க்கு 60 அளவில் நீளமாகத் தேய்த்து மூன்றாக மடியுங்கள். அரை மணி குளிர். திருப்பி வைத்து மறுபடி. இப்படி நான்கு முறை. 3, 9, 27, 81 என்று பெருகி 81 கொழுப்பு அடுக்கு கிடைக்கும். பிரெஞ்சு முறையில் ஆறு மடிப்பு வரை போவார்கள், அது 729. நம் பப்ஸ் போலக் கனமான மசாலா வைப்பதற்கு 81 போதும். அதற்கு மேல் போனால் தாள் மெலிந்து, மசாலாவின் எடையில் அமுங்கிவிடும் என்பது என் கருத்து.

கடைசியில் 4 மில்லிமீட்டர் கனம், 11 சென்டிமீட்டர் சதுரம். 210 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 180ல் 10 முதல் 12 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது.

பேக்கரிமேடை

அளவுகோல் சொன்னதோடு நான்கு தவறுகளைச் சேர்க்கிறேன். கடைகளில் புதிதாகச் சேரும் ஆட்களிடம் அடிக்கடி காண்பவை.

மழுங்கிய கத்தி. வெட்டும்போது அழுத்தி இழுத்தால் ஓரத்தில் அடுக்குகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். ஒரே அழுத்தாக நேரே இறக்க வேண்டும்.

முட்டை பூசுவது. மேலே மட்டும் பூச வேண்டும். பக்கவாட்டில் வழிந்தால் அது வெந்து பசையாகி அடுக்கைப் பூட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் எழும்பிச் சாய்ந்த பப்ஸுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கொழுப்பும் மாவும் ஒரே பதத்தில் இல்லாதது. கொழுப்பு மட்டும் கல்லாக இருந்தால் தேய்க்கும்போது உள்ளே உடைந்து துண்டு துண்டாகும். அந்த இடத்தில் குழி விழும், தட்டில் கொழுப்பு ஒழுகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் ஐந்து நிமிடம் பொறுத்துத் தேயுங்கள்.

சூடான மசாலா. வெங்காய மசாலா முழுக்க ஆறியிருக்க வேண்டும். முட்டை பப்ஸுக்கு வெங்காயத்தை எண்ணெயில் தண்ணீர் சுண்டும்வரை, கரண்டியால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும்வரை வதக்க வேண்டும். ஒரு பப்ஸுக்கு 30 கிராம் மசாலா, அரை முட்டை. முட்டையின் வெட்டிய பக்கம் கீழே, மசாலா மேல் படும்படி வைக்க வேண்டும். மாவில் நேராகப் பட்டால் அடிப்பகுதி வேகாமல் வெள்ளையாக நிற்கும்.

இன்னொன்று, வீட்டில் கடைந்த வெண்ணெயை மடிப்புக்கு எடுக்காதீர்கள். அதில் தண்ணீர் அதிகம், அளவும் நிலையில்லை.

கிள்ளான்காரர்

இரண்டாவது கேள்வி எங்கள் ஊர்க் கேள்வி. இங்கே கறிபாப் என்போம், மலாயிலும் அதே சொல்தான். சுருள் வகைக்கு கறிபாப் பூசிங். பூசிங் என்றால் சுழல்வது.

இதில் வெண்ணெய்த் தகடு கிடையாது. அதனால்தான் வெயில் பிரச்சினையும் இல்லை. சீனப் பலகார முறையில் இரண்டு மாவு பிசைகிறோம், ஒன்று தண்ணீர் மாவு, மற்றொன்று எண்ணெய் மாவு. எண்ணெய் மாவில் தண்ணீர் ஒரு துளிகூட ஊற்றுவதில்லை. கொழுப்பு ஒவ்வொரு மாவுத் துகளையும் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் 32 டிகிரியிலும் அது ஒழுகாது, ஈரமண் போல அப்படியே நிற்கும். பப்ஸில் கொழுப்புத் தகடு செய்யும் வேலையை இங்கே கொழுப்பில் நனைந்த மாவு செய்கிறது.

தண்ணீர் மாவு: மைதா 300 கிராம், மார்ஜரின் 50 கிராம், தண்ணீர் 150 மில்லி, உப்பு 1 தேக்கரண்டி. நன்றாக இழுவை வரும்வரை பிசையலாம்.
எண்ணெய் மாவு: மைதா 160 கிராம், மார்ஜரின் அல்லது ஷார்ட்டனிங் (தண்ணீர் இல்லாத கெட்டிக் கொழுப்பு) 85 கிராம். பிசைய வேண்டாம், விரலால் சேர்த்தால் போதும்.

எடையில் தண்ணீர் மாவு இரண்டு பங்கு, எண்ணெய் மாவு ஒரு பங்கு என்று வரும். இதுதான் முக்கியம். எண்ணெய் மாவு கூடினால் பொரிக்கும்போது சுருள் பிரிந்து எண்ணெயில் தூளாகும். குறைந்தால் வரி தெரியாது.

இரண்டையும் அரை மணி ஊறவிட்டு ஐந்தைந்து உருண்டையாகப் பிரியுங்கள். எண்ணெய் மாவைத் தண்ணீர் மாவுக்குள் கொழுக்கட்டை போல மூடுங்கள். நீளவாக்கில் தேய்த்துப் பாய் போல இறுக்கிச் சுருட்டுங்கள். சுருளை 90 டிகிரி திருப்பி, மறுபடி நீளமாகத் தேய்த்து மறுபடி சுருட்டுங்கள். பத்து நிமிடம் ஊறியதும் ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாகக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டு முகத்தில் சுருள் தெரியும். அந்த முகம் மேலே இருக்க நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தேயுங்கள். மசாலா வைக்கும்போது அழகான பக்கம் வெளியே வர வேண்டும்.

பொரிப்பு: 150 டிகிரியில் போட்டு, 170க்கு ஏற்றி எடுங்கள். முதலிலேயே சூடு கூடினால் வெளித்தோல் இறுகி அடுக்கு விரியாது. பொரியும்போது கரண்டியால் எண்ணெயை மேலே அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தால் வரி மலரும்.

மசாலாவில் உருளைக்கிழங்கை மசிக்கக் கூடாது, ஒரு சென்டிமீட்டர் துண்டாக வெட்ட வேண்டும். வெங்காயம், கறித்தூள், கறிவேப்பிலையோடு வதக்கித் தண்ணீர் தெளித்து வேகவைத்து, முழுக்கச் சுண்டவிட வேண்டும். டின் சார்டினில் குழம்பு முழுவதும் வற்றிய பிறகே வைப்பது.

சிங்கப்பூரில் கோழி, உருளைக்கிழங்கு, கால் முட்டை வைத்த பெரிய கறி பஃப் பெயர் பெற்றது. அங்குள்ள ஓல்ட் சாங் கீ 1956ல் தொடங்கிய கடை. தாய்லாந்திலும் இதே பண்டம் கரிபப் என்றே வழங்குகிறது. பாங்காக்கிலிருந்து வடகிழக்கே போகும் சாலையில் சரபுரி மாநிலத்து முவாக் லெக் ஊர் இதற்குப் பேர்போனது.

மாடிவீட்டு_அடுப்பு (மதுரை)

கிள்ளான்காரரே, மிக்க நன்றி. எண்ணெய் மாவு விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஒரு சந்தேகம். சுருள் இல்லாத சாதாரணக் கறிபாப்பில் தோல் வழவழப்பாக இருக்கிறது. நம் சமோசாவில் அப்பளம் போலக் குமிழ் எழும்புகிறதே, அதை எப்படித் தவிர்ப்பது?

வடமராட்சி

சுருள் இல்லாத வகைக்கு இலங்கையில எங்கட பற்றிஸ்தான், கறி வைத்துப் பொரிக்கிறது, கிட்டத்தட்ட அதே உறவு. அளவைத் தாறன், குமிழ்க் கேள்விக்கும் விடை அதுக்குள்ள இருக்கு.

கோதுமை மா 500 கிராம், மாஜரின் 100 கிராம், முட்டை மஞ்சட்கரு 2, உப்பு 1 தேக்கரண்டி, தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) 1 தேக்கரண்டி. குழைக்கத் தண்ணிக்குப் பதில் தேங்காய்ப்பால், ஏறத்தாழ 180 மில்லி. இலங்கையில கோதுமை மா எண்டால் தமிழ்நாட்டு மைதாதான், பெயரைப் பார்த்து ஆட்டா மாவை எடுத்துப் போடாதேங்கோ.

மாஜரினை மாவில விரல் நுனியால உதிர்த்துப் புட்டுமா மாதிரி வந்த பிறகுதான் பால் விடோணும். குழைத்து ஒரு மணித்தியாலம் ஈரத்துணியால மூடி வையுங்கோ. 2 மில்லிமீட்டருக்கு உருட்டி 8 சென்டிமீட்டர் வட்டமா வெட்டி, கறி வைத்து, விளிம்பில முட்டை வெள்ளைக்கரு பூசி மூடி, முள்ளுக்கரண்டியால அழுத்தினால் சரி.

உள்ளுக்கு வைக்கிறது ரின் மீனும் (டின் மீன்) உருளைக்கிழங்கும், இல்லாட்டி ஆட்டிறைச்சி, இல்லாட்டி மரக்கறி. மிளகும் பெருஞ்சீரகமும் முன்னுக்கு நிக்கும்.

குமிழ் வாறதுக்கு மூண்டு காரணம். மா ஊறேல்லை. மா தளதளவெண்டு தண்ணி கூடிப்போச்சுது. எண்ணெய் அதிகச் சூடு. மூண்டும் ஒரே விசயம்தான். தோலுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியேற நேரம் கிடைக்காமல் ஒரேயடியாக ஆவியாகுது. தேங்காய்ப்பாலில தண்ணியோட கொழுப்பும் இருக்கிறதால தோல் மென்மையாகும், குமிழும் குறையும்.

இன்னொண்டு சொல்லோணும். மட்டன் றோல்ஸைப் பேஸ்ட்ரி எண்டு சில பட்டியல்களில போடுகினம், அது பிழை. றோல்ஸ் தோசை மாதிரி வார்த்த மெல்லிய முட்டை அப்பத்தில கறி சுத்தி, முட்டையில தோய்த்து, பாண்தூளில (ரொட்டித்தூள்) பிரட்டிப் பொரிக்கிறது. மாலு பாணும் பேஸ்ட்ரி இல்லை, அது ஈஸ்ட் போட்ட பணிஸ் மாவில மீன்கறி வைத்துச் சுடுறது.

அளவுகோல்

வடமராட்சி சொன்ன குமிழ் விளக்கம் சமோசாவுக்கும் அப்படியே பொருந்தும். பஞ்சாபி சமோசாவுக்கு மைதா 250 கிராமுக்கு நெய் 60 கிராம், தண்ணீர் 90 மில்லிக்கு மேல் வேண்டாம். ஓமம் அரைத் தேக்கரண்டி. நெய்யைத் தேய்த்த மாவை உள்ளங்கையில் பிடித்தால் பிடிகொழுக்கட்டை போல உதிராமல் நிற்க வேண்டும். 140 டிகிரியில் போட்டு 15 நிமிடமாவது பொறுமையாகப் பொரிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் சிவந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

கறிபாப்பில் இன்னொரு வழியும் உண்டு. மார்ஜரினையும் எண்ணெயையும் காய்ச்சிச் சூடாகவே மாவில் ஊற்றுகிறார்கள். சூட்டில் கொழுப்பு துகள்களை நன்றாகப் பூசிவிடுவதால் இழுவை குறைந்து தோல் வழவழப்பாக வரும்.

திருச்சி_டீக்கடை

தமிழ்நாட்டு டீக்கடை வெங்காயச் சமோசா இதில் எந்த வகையிலும் சேராது. அதற்குக் கொழுப்பே தேவையில்லை, தாள்தான் எல்லாம்.

மைதா 250 கிராம், தண்ணீர் 140 மில்லி, எண்ணெய் 1 தேக்கரண்டி. எலுமிச்சை அளவு உருண்டைகளைப் பூரி அளவுக்குத் தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் தடவி மாவு தூவி நான்கு நான்காக அடுக்க வேண்டும். அடுக்கைச் சேர்த்தே 22 சென்டிமீட்டருக்குத் தேய்த்து, தோசைக்கல்லில் பக்கத்துக்கு 20 விநாடி மட்டும் வாட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே பிரித்தால் தாள் தாளாக வரும். ஆறினால் கிழியும். ஈரத்துணிக்குள் வைத்து 7 சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, கூம்பாக மடித்து, மைதாப் பசையால் ஒட்டுவது. மூலையில் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் எண்ணெய் உள்ளே போய்விடும். மூலையை அழுத்தி மூடுங்கள்.

வெங்காயம் வதக்காமல் பச்சையாகவே உள்ளே போகிறது. 500 கிராம் நறுக்கிய வெங்காயத்துக்கு 50 கிராம் அவல். வெங்காயம் விடும் தண்ணீரை அவல் குடித்துக்கொள்ளும். உப்பை மடிக்கப் போகும்போதுதான் சேர்க்க வேண்டும். முன்னாடியே போட்டால் அவலும் காப்பாற்றாது.

பேக்கரிமேடை

மேலே வந்ததை எல்லாம் பார்த்தால் சமோசாதான் எல்லாவற்றுக்கும் தாய் என்று தோன்றுகிறது. கறிபாப்பும் அதிலிருந்து வந்தது, இங்கிலாந்தின் பேஸ்டியும் தென் அமெரிக்காவின் எம்பனாடாவும், இரண்டுமே மாவில் மசாலா மூடிச் செய்பவை, அதன் வழிதான் என்று சொல்லலாமா?

லண்டன்_குளிர்

சொல்ல முடியாது. சமோசாவின் வழி தெரிந்ததே. பாரசீக, அரபு உலகின் சம்பூசக். 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் அரண்மனை விருந்தில் பாதாம், வால்நட், பிஸ்தா, வெங்காயம் சேர்த்த கொத்துக்கறியை மெல்லிய மாவில் மூடி நெய்யில் பொரித்துப் பரிமாறியதை இபின் பதூதா எழுதியிருக்கிறார். மத்திய ஆசியாவில் சம்சா, சோமாலியாவில் சம்பூஸ், எத்தியோப்பியாவில் பருப்பு வைத்த சம்பூசா. இவை ஒரே சொல்லின் கிளைகள். பேஸ்டி தனி வழி. மாவில் இறைச்சியை மூடிச் சுடும் பழக்கம் ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே உண்டு.

கார்ன்வால் பேஸ்டியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் இதுவரை சொன்ன விதிகள் பலவற்றை அது மீறுகிறது. உள்ளே போவது எல்லாமே பச்சை. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ஸ்வீட் (swede) என்ற மஞ்சள் டர்னிப், வெங்காயம், உப்பு, மிளகு. கேரட் கிடையாது. 2011ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் காப்பு தந்தது. கார்ன்வாலில் செய்திருக்க வேண்டும், இறைச்சி 12.5 சதவீதத்துக்கும் காய்கள் 25 சதவீதத்துக்கும் குறையக் கூடாது, D எழுத்து வடிவம், ஓர முறுக்கு உச்சியில் அல்ல பக்கவாட்டில் என்பவை நிபந்தனைகள்.

பச்சை இறைச்சியை மாவுக்குள்ளேயே வேகவைக்க ஏறக்குறைய 50 நிமிடம் தேவை. அவ்வளவு நேரம் சாறு கசியாமல் தாங்க, மெல்லிய தாள் அடுக்கு உதவாது. அதனால் இழுவை கூடிய ரொட்டி மாவு. 500 கிராம் ரொட்டி மாவு, 120 கிராம் வெள்ளை ஷார்ட்டனிங் அல்லது பன்றிக்கொழுப்பு, 25 கிராம் மார்ஜரின், 5 கிராம் உப்பு, 175 மில்லி குளிர்ந்த தண்ணீர். பேஸ்ட்ரி என்றாலே மாவைத் தொடாதே என்பார்கள், இதை மட்டும் இழுவை வரும்வரை நன்றாகப் பிசைய வேண்டும். பிறகு 3 மணி நேரம் குளிரில். அந்த ஓய்வு இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். உள்ளே 450 கிராம் இறைச்சி, 450 கிராம் உருளைக்கிழங்கு, 250 கிராம் மஞ்சள் டர்னிப், 200 கிராம் வெங்காயம். இறைச்சியை அரைக்கக் கூடாது, கத்தியால் சிறு துண்டாக வெட்ட வேண்டும். காற்றாடி அவனில் 165 டிகிரி.

1820களில் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் மெக்சிகோவின் ஹிடால்கோ மாநில வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். ரெயால் டெல் மோன்டேயிலும் பச்சூக்காவிலும் அது இன்றும் பாஸ்தே என்ற பெயரில் இருக்கிறது, உள்ளே மிளகாயும் மோலே குழம்பும் சேர்ந்துகொண்டன. தோல் கார்ன்வாலுடையது, உள்ளே இருப்பது மெக்சிகோ. ஊர்விட்டு ஊர் போகும் பண்டத்தில் முதலில் மாறுவது மசாலா. தோல் மாற வெகுகாலம் ஆகும். வெயிலோ கொழுப்போ கட்டாயப்படுத்தினால்தான் மாறும்.

கிள்ளான்காரர்

லண்டன்_குளிர் கடைசியில் சொன்னதோடு முழுக்க உடன்படவில்லை. கறிபாப்பில் பிரிட்டிஷ் பேஸ்டி, இந்தியக் கறித்தூள், சீன இரட்டை மாவு மூன்றும் கலந்தவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியென்றால் தோல்தான் சீக்கிரம் மாறியிருக்கிறது, உருளைக்கிழங்கும் கறித்தூளும் ஊன்றி நின்றுவிட்டன. தமிழ்நாட்டுத் தீபாவளிச் சோமாஸைப் பாருங்கள். அதே பிறை வடிவம், அதே ஓர முறுக்கு, உள்ளே பொட்டுக்கடலையும் சர்க்கரையும். வடிவம் ஒன்றானதால் உறவு என்று முடிவு கட்ட முடியாது.

லண்டன்_குளிர்

சரிதான், வெயில் கட்டாயப்படுத்திய இடம் மலேசியா என்று எடுத்துக்கொண்டாலும், சுருளுக்கு வெயில் காரணம் இல்லை. அங்கே சீனக் கைப்பழக்கம் ஏற்கெனவே இருந்தது. திருத்திக்கொள்கிறேன்.

ஜமைக்காவில் பேட்டி (patty) என்ற இறைச்சி மடிப்பு உண்டு, அதில் தோலும் மசாலாவும் இரண்டுமே மாறியிருக்கின்றன. மஞ்சள் தோல் அதன் அடையாளம். மாவிலேயே மஞ்சள்தூளோ கறித்தூளோ சேர்க்கிறார்கள். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் அங்கே போனதால் கறித்தூள் அந்தத் தீவின் சமையலில் ஊன்றிவிட்டது. கொழுப்பு பெரும்பாலும் மாட்டுச் சூயட், அதாவது சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு. அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும், அதனால் வெப்பநாட்டில் உதவுகிறது. சூயட் துருவல் மாவில் சிறு துணுக்குகளாகத் தங்கி, வேகும்போது உருகி வெற்றிடம் விடும். மடிப்பே இல்லாமல் செதில் செதிலாக உதிர்வது அதனால்தான். உள்ளே ஸ்காட்ச் பானட் மிளகாய், தைம் இலை சேர்த்த கொத்துக்கறி. ரொட்டித்தூள் சேர்த்துக் களி பதத்துக்குக் கொண்டுவருவார்கள். இதைக் கோக்கோ பிரெட் என்ற மடித்த ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது வழக்கம்.

1985ல் கனடா அரசு டொரண்டோ கடைக்காரர்களிடம் இதை பீஃப் பேட்டி என்று விற்கக் கூடாது என்றது, ஏனென்றால் அவர்கள் சட்டத்தில் பேட்டி என்றால் பர்கருக்குள் வைக்கும் வெறும் இறைச்சித் தட்டு. கடைக்காரர்கள் விடவில்லை. கடைசியில் ஜமைக்கன் பேட்டி என்று எழுதலாம் என்று முடிந்தது.

வடமராட்சி

பெயர்க் குழப்பம் அங்க மட்டும் இல்லை. வட இந்தியாவில பேட்டிஸ் எண்டு கேட்டால் தமிழ்நாட்டு பப்ஸைத் தருவினம். எங்கட பற்றிஸ் பொரிச்சது, அடுக்கில்லாதது. வாங்க முதல் அவனில சுட்டதோ எண்ணெயில பொரிச்சதோ எண்டு கேளுங்கோ, அது போதும்.

அளவுகோல்

பேக்கரிமேடை ஆரம்பத்தில் ஈர மசாலா கூடாது என்றார். நம் வகைகளுக்கு அது சரி. ஆனால் பொலிவியாவின் சால்தேன்யாவில் உள்ளே குழம்பே இருக்கிறது, கடித்தால் வழியும். செய்யும் விதம் தெரிந்தால் கொழுப்பு பற்றிய நம் பேச்சுக்கும் உதவும்.

இறைச்சிக் குழம்பை ஜெலட்டின் சேர்த்தோ மாட்டுக்கால் சூப்பிலோ காய்ச்சி, இரவு முழுக்கக் குளிரவைத்துக் கட்டியாக்குகிறார்கள். லிட்டருக்கு 20 கிராம் அளவில் ஜெலட்டின் போட்டால் கரண்டியால் வெட்டி எடுக்கும் பதம் வரும். கட்டியாக இருக்கும்போதே கனமான மாவில் மூடி, முறுக்கு உச்சியில் வருமாறு நிறுத்தி, 250 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் வைக்க வேண்டும். தோல் இறுகிய பிறகே உள்ளே உருக வேண்டும், அதுதான் போட்டி. அடுப்பில் சூடு குறைந்தால் முதலில் உருகி அடி ஊறிக் கிழியும். மாவில் சர்க்கரையும் அச்சியோட்டே விதையில் சிவந்த கொழுப்பும் சேர்ப்பதால் குறைந்த நேரத்தில் நிறம் பிடிக்கிறது.

பக்கத்து அர்ஜென்டினாவில் எம்பனாடா. சால்டா மாநிலத்தில் உருளைக்கிழங்கு போடுவார்கள், துக்குமானில் போடமாட்டார்கள், இறைச்சியைக் கத்தியால் வெட்டுவார்கள். ஓர முறுக்குக்கு ரெபுல்கே என்று பெயர். எந்த முறுக்கு எந்த மசாலா என்று கடைக்குள் கணக்கு இருக்கும். சிலியில் மாட்டிறைச்சி, வெங்காயத்தோடு அவித்த முட்டை, ஆலிவ், உலர்திராட்சை மூன்றும் வழக்கம். கொலம்பியா, வெனிசுவேலாவில் பெரும்பாலும் கோதுமை இல்லை, மக்காச்சோள மாவில் தட்டிப் பொரிக்கிறார்கள்.

மாடிவீட்டு_அடுப்பு (மதுரை)

இவ்வளவையும் படித்தபின் செய்யத் தகுந்தது எது? மார்ஜரின் வேண்டாம், வெண்ணெய் ருசி வேண்டும், வெயில் காலம், அவன் உண்டு. கறிபாப்பின் இரண்டு மாவை அவனில் சுடலாமா?

கிள்ளான்காரர்

தாராளமாகச் சுடலாம். சீனப் பலகாரங்கள் பலவும் இந்த மாவில் சுட்டவைதான். எண்ணெய் மாவில் 85 கிராம் ஷார்ட்டனிங்குக்குப் பதில் 95 கிராம் வெண்ணெய் போடுங்கள், வெண்ணெயில் தண்ணீர் இருப்பதால் அந்தக் கூடுதல். உப்பு வெண்ணெய் என்றால் உப்பைக் குறையுங்கள். சேர்த்த எண்ணெய் மாவைப் பத்து நிமிடம் குளிரில் வைத்தால் போதும். 190 டிகிரி, 25 நிமிடம். பொரித்ததைப் போல நிறம் வராது, வெளுத்தே நிற்கும். மஞ்சட்கருவில் ஒரு தேக்கரண்டி பால் கலந்து மேலே பூசுங்கள். வரி மூடாமல் மெல்லிய பூச்சாக.

பப்ஸ் போல உயரம் எதிர்பார்க்காதீர்கள். தாள் உதிரும், கோபுரமாக எழும்பாது.

அளவுகோல்

உயரமும் வேண்டும் என்றால் வெண்ணெய்த் தகட்டிலேயே கொஞ்சம் மாவைச் சேருங்கள். 300 கிராம் வெண்ணெய்க்கு 30 கிராம் மைதா. வெண்ணெயில் உள்ள தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும், தகடு வழுக்காது, ஓரிரு டிகிரி கூடுதல் தாங்கும். அதிகாலையில் செய்யுங்கள். தட்டில் ஐஸ் கட்டி பரப்பி மேடைமேல் பத்து நிமிடம் வைத்து, எடுத்ததும் துடைத்துவிட்டுத் தேயுங்கள். மடிப்புக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். விரல் பட்டு மாவு பளபளத்தால் பாதியிலேயே உள்ளே வையுங்கள்.

பேக்கரிமேடை

நேரம் குறையும் வழி ஒன்று. நான்காவது மடிப்போடு மாவைத் தேய்த்துச் சதுரமாக வெட்டி, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி உறையவிடலாம், ஒரு மாதம் இருக்கும். முட்டை பப்ஸை மசாலா வைத்த பிறகு உறைய விடாதீர்கள், வெள்ளைக்கரு ரப்பராகும். கறிபாப்பைப் பச்சையாக மசாலாவோடேயே உறையவைத்து, கரையவிடாமல் நேராக 140 டிகிரி எண்ணெயில் போடலாம். கரைந்தால் தோல் ஊறும்.

மீந்த பப்ஸைச் சூடாக்க 160 டிகிரி அவனில் 8 நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் மசாலாவின் ஈரம் ஆவியாகித் தோலுக்குள் போய் அடுக்கு தோல்வார் போல இழுபடும். அப்படி ஆகிவிட்டாலும் எறிய வேண்டாம், மூடி போடாத தோசைக்கல்லில் சிறுதீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வைத்தால் பாதியாவது மீளும்.